முதிய நாய்க்குப் புதிய வீடு

சிலாங்கூர் மாநிலத்தின் வடகோடியில், பேராக் எல்லைக்கு அருகில் இருக்கும் சிற்றூர் கலும்பாங். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலை இவ்வூரின் வழியாகத்தான் போகிறது. வடக்கே சென்றால் தஞ்சோங் மாலிம். தெற்கே வந்தால் கெர்லிங், கோல குபு பாரு. ஒரு காலத்தில் இவ்வட்டாரமெங்கும் ரப்பர் மரங்கள் நின்றன. பின்னர்ப் பல இடங்களில் செம்பனை வந்தது. தோட்ட வேலைக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்து வருகின்றன.

தோட்ட வாழ்க்கையில் நாய்க்கும் ஓர் இடம் இருந்தது. விடிவதற்குள் பால்மரம் சீவப் புறப்படுபவருக்கு முன்னால் அது ஓடும். பாம்போ காட்டுப்பன்றியோ எதிர்ப்பட்டால் குரைத்து எச்சரிக்கும். இரவில் லயத்து வாசலில் படுத்துக் காவல் காக்கும். எந்த வீட்டு நாய் என்று கேட்டால் ஒரு வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் சோறு வைத்தவர்கள் நாலைந்து வீட்டார் இருப்பார்கள்.

காலம் மாறியது. சிலாங்கூரின் பல தோட்டங்கள் வீடமைப்புக்காகவும் பிற தேவைகளுக்காகவும் கைமாறின. மக்கள் லயங்களை விட்டு நகரங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். பிள்ளைகள் வேலை தேடி ரவாங், கோலாலம்பூர், கிள்ளான் என்று போய்விட, பெற்றோர் முதுமையில் அவர்களோடு போய்ச் சேர்கின்றனர். அலமாரியும் கட்டிலும் சாமிப் படமும் லாரியில் ஏறிவிடுகின்றன. வாசலில் நிற்கும் நாய் என்ன ஆகிறது?

கலும்பாங்கில் ஒரு வீடு

இந்தக் கேள்வியைத் தெளிவாக ஆராய ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். கலும்பாங்கில் ஒரு தாத்தா தனியாக வாழ்கிறார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, சாலையோரத்தில் மோட்டார் சைக்கிள் மோதிக் கிடந்த ஒரு நாயை அவர் வீட்டுக்குத் தூக்கி வந்தார். மஞ்சள்தூளும் மருந்தும் போட்டுத் தேற்றினார். 'மணி' என்று பெயரிட்டார். அன்று மணிக்கு இரண்டு வயது இருக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். இன்று அதற்குப் பத்து வயது.

தாத்தாவுக்குச் சர்க்கரை நோய். தனியாக இருக்கக்கூடாது என்று மகன் அவரை ரவாங்கில் உள்ள தம் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே நாய் வளர்க்க அனுமதி இல்லை. "மணி எங்கே போகும்?" என்று தாத்தா கேட்கிறார். யாரிடமும் பதில் இல்லை. படிவம் நான்கில் பயிலும் பேத்தி மட்டும், "நாம் தேடிப் பார்க்கலாம் தாத்தா" என்கிறாள்.

இந்தக் குடும்பம் கற்பனையானது. ஆனால் இப்படிப்பட்ட நிலைமை நம் வட்டாரங்களில் புதியதன்று. அந்தப் பேத்தி எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதுமை நோயன்று

நாயின் ஓர் ஆண்டு மனிதனின் ஏழு ஆண்டுகளுக்குச் சமம் என்று பலரும் சொல்வதுண்டு. இது சரியான கணக்கன்று. நாய் முதல் இரண்டு ஆண்டுகளில் மிக வேகமாக வளர்ந்து, இளைஞரின் நிலையை எட்டிவிடுகிறது. அதன் பிறகு வேகம் குறைகிறது. உடல் பெருத்த நாய்கள் விரைவில் முதுமை அடைகின்றன. சிறிய நாய்கள் மெதுவாக முதுமை அடைகின்றன. நம் நாட்டு நாயைப் போன்ற நடுத்தர உடல்கொண்ட நாய்க்குப் பத்து வயது என்றால், அது ஏறத்தாழ அறுபது வயது மனிதருக்கு ஒப்பானது. நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்தால் அது மேலும் சில ஆண்டுகள் நலமாக வாழும்.

முதுமையின் அடையாளங்கள் எளிதில் தெரியும். முகவாய் நரைக்கும். கண்ணில் இலேசான நீலநிறப் படலம் தோன்றும். இது பெரும்பாலும் வயதால் ஏற்படும் மாற்றமே. கண்புரை என்பது வேறு. அது பார்வையை மறைக்கும். இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். காது மந்தமாகும். மூட்டுகள் இறுகுவதால், படுத்து எழும்போது முதல் சில அடிகள் தள்ளாடும். தூக்கம் கூடும்.

இவற்றைக் கண்டு மக்கள் தயங்குகின்றனர். நாய் வேண்டும் என்று வருபவர்களில் பெரும்பாலோர் குட்டியைத்தான் தேடுகின்றனர். குட்டி அழகானது, ஆனால் அது செருப்பைக் கடிக்கும், இரவில் அழும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். வளர்ந்தபின் அதன் குணம் எப்படி இருக்கும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. முதிய நாயிடம் இந்தப் புதிர் இல்லை. அதன் உடலளவும் குணமும் பழக்கமும் முன்பே தெரியும். வெளியே போய்க் கழிக்கும் பழக்கம் அதற்கு இருக்கும். நீண்ட தூரம் ஓட வேண்டும் என்று அது கேட்காது. காலையும் மாலையும் மெதுவாகச் சிறிது தூரம் நடந்தால் போதும். ஓய்வு பெற்றவர்களுக்கும் அமைதியான வீடுகளுக்கும் முதிய நாயே பொருத்தமாக இருக்கும். ஆகவே மணியைக் கொடுப்பது தள்ளாத சுமையை இன்னொருவர் தலையில் ஏற்றுவதாகாது. அதற்கு ஏற்ற வீடு ஒன்று எங்கோ இருக்கிறது. அதைத் தேடுவதற்குத்தான் காலமும் பொறுமையும் வேண்டும்.

செய்யக்கூடாதது

அவசரத்தில் சிலர் எளிய வழி ஒன்றை நாடுகின்றனர். நாயை வண்டியில் ஏற்றிச் சென்று, செம்பனைத் தோட்டத்திலோ சந்தைக்கு அருகிலோ இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். "நாய்தானே, எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கின்றனர்.

அது பிழைக்குமா? சிலாங்கூரிலேயே இதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் புலாவ் கெத்தாம் என்னும் மீனவர் தீவு இருக்கிறது. அங்கே தெருநாய்கள் பெருகித் தொல்லையாக இருந்தன. 2009ஆம் ஆண்டு, 300க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, அருகில் ஆள் நடமாட்டமில்லாத இரண்டு அலையாத்திக் காட்டுத் தீவுகளில் கொண்டுபோய் விட்டனர். கொன்றுவிடாமல் இடம் மாற்றுவதே இரக்கமான செயல் என்று அப்போது எண்ணப்பட்டது. ஆனால் அத்தீவுகளில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. உண்ண உணவு இல்லை. நிற்பதற்குச் சேறுதான் இருந்தது. பல நாய்கள் பட்டினியால் மடிந்தன. செய்தி வெளியானதும் விலங்கு நல ஆர்வலர்கள் படகில் உணவும் தண்ணீரும் கொண்டு சென்றனர். எஞ்சியவற்றில் சிலவற்றை மீட்டுக் கொண்டுவந்தனர்.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகிறது. மனிதரோடு வாழ்ந்து பழகிய நாய் காட்டு விலங்கன்று. வேட்டையாடி உண்ணும் திறன் அதற்குக் குறைவு. எட்டு ஆண்டுகள் தட்டில் சோறு உண்ட, மூட்டு வலியுள்ள மணியைத் தோட்டத்தில் விட்டால், அது விட்ட இடத்திலேயே வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். அல்லது வீடு தேடிச் சாலையில் ஓடி அடிபடும்.

சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015, 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. விலங்கை வளர்ப்பவர் அதற்கு ஏற்ற இருப்பிடத்தையும் உணவையும் தரவேண்டும். வலி, துன்பம், காயம், நோய் ஆகியவற்றிலிருந்து அதைக் காக்கவேண்டும் என்று அச்சட்டம் கடமையாக விதிக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தியது உறுதியானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

முதலில் மருத்துவர்

வீடு தேடுவதற்கு முன்பு நாயின் உடல்நிலையை அறிந்துகொள்வது அவசியம். இதற்குக் கால்நடை மருத்துவரிடம் ஒரு முழுப் பரிசோதனை செய்யவேண்டும். முதிய நாய்களுக்குப் பல் நோய் அடிக்கடி வருகிறது. வாய் நாற்றமும் ஒரு பக்கமாக மென்று தின்பதும் அதன் அறிகுறிகள். இரத்தப் பரிசோதனை செய்தால் சிறுநீரகமும் ஈரலும் எப்படி இயங்குகின்றன என்பது தெரியும்.

நம் நாட்டின் தட்பவெப்பத்தில் இரண்டு நோய்களைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். ஒன்று, கொசுவால் பரவும் இதயப்புழு நோய். கொசு கடிக்கும்போது உடலில் நுழையும் நுண்புழு, வளர்ந்து இதயத்திலும் நுரையீரல் இரத்தக் குழாய்களிலும் தங்கிவிடும். மற்றொன்று, உண்ணியால் பரவும் காய்ச்சல். தோட்டப்புறங்களில் புல்லும் புதரும் மிகுதியாக இருப்பதால் நாய்கள் உண்ணியைச் சுமந்து வருவது சாதாரணம். இரண்டையும் இரத்தப் பரிசோதனையால் கண்டறியலாம்.

டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். வெறிநாய்க்கடி நோய் 2015ஆம் ஆண்டு தீபகற்பத்தின் வட மாநிலங்களிலும் 2017ஆம் ஆண்டு சரவாக்கிலும் தலைகாட்டியது. எனவே அதற்குரிய தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கருத்தடை செய்யாத நாயாக இருந்தால், அதன் வயதுக்கும் உடல்நிலைக்கும் அறுவைச் சிகிச்சை ஏற்றதா என்று மருத்துவரே முடிவு செய்வார்.

இந்தச் செலவைக் கண்டு தயங்குவது இயல்பே. ஆனால் புதிதாக நாயை ஏற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு என்ன நோய்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு மருத்துவ அட்டையைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

உண்மையைச் சொல்லும் அறிவிப்பு

அடுத்து, நாயைப் பற்றி ஓர் அறிவிப்பு எழுதவேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்ற ஆவலில் குறைகளை மறைத்துவிடுகின்றனர். வயதைக் குறைத்துச் சொல்கின்றனர். "எல்லாரிடமும் நன்றாகப் பழகும்" என்று எழுதிவிடுகின்றனர். நாயை வாங்கிச் சென்றவர் ஒரே வாரத்தில் உண்மையை அறிந்துகொள்கிறார். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்து நாயைத் திருப்பி அனுப்புகிறார். அல்லது யாருக்கும் சொல்லாமல் வேறு எவரிடமோ தள்ளிவிடுகிறார். மறைத்த குறைக்கு விலை கொடுப்பது நாய்தான்.

பேத்தி எழுதும் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"பெயர் மணி. ஆண், நாட்டு நாய். வயது ஏறத்தாழ 10. எடை 18 கிலோகிராம். கருத்தடை செய்யப்பட்டது, தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளன. அமைதியானது. வாரைப் பிடித்து நடத்தினால் இழுக்காமல் நடக்கும். சிறுவர்களிடம் பழகும், ஆனால் உண்ணும்போது யாரும் தொடுவதை விரும்பாது. இடக்காது சரியாகக் கேட்காது. பின்னங்காலில் பழைய காயம் இருப்பதால் படி ஏறச் சிரமப்படும். கோழியைக் கண்டால் துரத்தும். வெடிச் சத்தத்துக்கு மிகவும் அஞ்சும். வளர்த்த முதியவர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறுவதால் புதிய வீடு தேவைப்படுகிறது. இடம் மாறியபின்னும் முதல் சில மாத மருந்துச் செலவை எங்கள் குடும்பம் ஏற்கும்."

இதில் நல்லதும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. கோழி வளர்க்கும் வீட்டார் இதைப் படித்ததும் தாமே விலகிக்கொள்வர். மாடிப்படி உள்ள வீட்டாரும் யோசிப்பர். பத்துப் பேர் கேட்டு ஒன்பது பேர் விலகினாலும் கவலையில்லை. எல்லாம் தெரிந்தும் "எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லும் அந்த ஒருவர்தான் தேவை.

அறிவிப்போடு தெளிவான படங்களும் வேண்டும். பகல் வெளிச்சத்தில், நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுத்த படத்தில் அதன் முகம் நன்றாகத் தெரியும். அது நடந்து வருவதைக் காட்டும் சிறு காணொளி இருந்தால் இன்னும் நல்லது. கால் எப்படி இருக்கிறது என்பதைப் பார்ப்பவர் தாமே அறிந்துகொள்வார்.

எங்கே தேடுவது? யாரிடம் கொடுப்பது?

தேடலைத் தெரிந்தவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது. உறவினர், அண்டை வீட்டார், கோயில் நண்பர்கள், பழைய தோட்டத்து ஆட்கள், மளிகைக் கடைக்காரர், கால்நடை மருத்துவமனைப் பணியாளர் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி வைக்கலாம். மணியை முன்பே பார்த்துப் பழகியவர் யாரேனும் ஏற்க முன்வந்தால் அதுவே முதல் தேர்வு. நாய்க்கும் அவர் மணம் தெரிந்திருக்கும். புலனக் குழுக்களிலும் முகநூலிலும் அறிவிப்பைப் பகிரலாம்; ஆனால் வீட்டு முகவரியைப் பொதுவில் எழுதக்கூடாது. மாணவர்கள் முன்பின் தெரியாதவரோடு தாமே பேசாமல், பெற்றோரின் எண்ணைத் தொடர்புக்குக் கொடுக்கவேண்டும்.

சிலாங்கூரில் விலங்கு நல அமைப்புகளும் உள்ளன. அம்பாங்கில் இயங்கும் எஸ்.பி.சி.ஏ. சிலாங்கூர், சுபாங் வட்டாரத்தில் இயங்கும் பாவ்ஸ் ஆகியவை பலரும் அறிந்தவை. இவை கைவிடப்பட்ட விலங்குகளுக்கு வீடு தேடித் தருகின்றன. மக்களுக்கு ஆலோசனையும் கூறுகின்றன. ஆயினும் காப்பகங்களின் இடமும் பணமும் ஆளும் அளவுக்கு உட்பட்டவை. மேலும், பல நாய்கள் இடைவிடாமல் குரைக்கும் புதிய சூழல் முதிய நாய்க்கு மிகுந்த மன அழுத்தத்தைத் தரும். எனவே ஒரு வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுக்கு மாற்றுவதே முதிய நாய்க்கு ஏற்ற வழி. காப்பகத்தைக் கடைசி முயற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

யாராவது முன்வந்தால் உடனே கொடுத்துவிடக்கூடாது. சில கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெறவேண்டும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் சம்மதமா? சொந்த வீடா, வாடகை வீடா? வாடகை வீடென்றால் உரிமையாளர் அனுமதி தந்துவிட்டாரா? வேலி உண்டா? பகலில் யார் வீட்டில் இருப்பார்? வேறு நாயோ பூனையோ இருக்கிறதா? வெளியூர் செல்லும்போது யார் பார்த்துக்கொள்வார்? மருத்துவச் செலவு வந்தால் சமாளிக்க முடியுமா? சங்கிலியில் கட்டியே வைக்கும் எண்ணம் உண்டா? இவற்றைக் குற்றவாளியை விசாரிப்பதுபோல் கேட்கவேண்டியதில்லை. தேநீர் அருந்திக்கொண்டே பேசினாலும் பதில்கள் கிடைத்துவிடும். ஒருமுறை அவர்கள் வீட்டுக்குச் சென்று பார்ப்பது இன்றியமையாதது.

உரிமம் பற்றியும் பேசிக்கொள்ளவேண்டும். நாய் வளர்ப்பவர் தம் வட்டார ஊராட்சி மன்றத்திலிருந்து ஆண்டுதோறும் உரிமம் பெறவேண்டும். ஒரு வீட்டில் எத்தனை நாய்கள் வளர்க்கலாம் என்பதற்கும் மன்றங்கள் விதி வைத்துள்ளன. உரிம வில்லை கழுத்தில் இருந்தால், நாய் தவறி வெளியே போனாலும் தெருநாய் என்று பிடித்துச் செல்லப்படும் ஆபத்துக் குறையும்.

பல இன மக்கள் அருகருகே வாழும் நாடு நம் நாடு. சமய நெறி காரணமாக நாயைத் தொடுவதைத் தவிர்க்கும் அண்டை வீட்டார் இருக்கலாம். நாயை வேலிக்குள் வைப்பது, வெளியே அழைத்துச் செல்லும்போது வாரைப் பிடித்துக்கொள்வது, அதன் கழிவை அகற்றுவது ஆகியவை அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை. அண்டை வீட்டாரின் மனக்குறையால் வீடிழந்த நாய்கள் உண்டு. ஆகவே இந்த மரியாதை நாயையும் காக்கிறது.

இடம் மாறும் நாள்

கெர்லிங்கில் ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதியர் மணியை ஏற்க முன்வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வேலியிட்ட ஒற்றைமாடி வீடு. கோழி இல்லை. பகலில் இருவரும் வீட்டில்தான் இருக்கின்றனர். முதலில் அவர்கள் கலும்பாங்குக்கு வந்து, மணியோடு இரண்டு மூன்று முறை பழகிச் செல்கின்றனர். பிறகு ஒருநாள் மணி அவர்கள் வீட்டுக்குச் சென்று, மாலையில் திரும்பி வருகிறது. அதன் பின்னரே நிரந்தர மாற்றம்.

கிளம்பும் நாளில் மணியோடு சில பொருள்களும் போகவேண்டும். அது படுக்கும் பழைய சாக்கு அல்லது போர்வை, அதன் உணவுத் தட்டு, மருத்துவ அட்டை, வழக்கமாக உண்ணும் உணவில் இரண்டு வாரத்துக்கானது. போர்வையைத் துவைத்துக் கொடுக்கக்கூடாது. நாய் உலகத்தை மூக்கால் அறிகிறது. எல்லாம் புதிதாக இருக்கும் வீட்டில், பழைய மணம் வீசும் அந்த ஒரு துணிதான் அதற்குத் தெரிந்த இடம்.

புதிய வீட்டுக்குப் பழகுவதை மூன்று கட்டங்களாகச் சொல்வார்கள்: மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம். முதல் மூன்று நாள் நாய் மிரண்டிருக்கும். உண்ணாமல் மூலையில் படுத்துக்கொள்ளலாம். அதை வற்புறுத்தக்கூடாது. உறவினரை அழைத்துக் காட்டக்கூடாது. மூன்று வாரத்தில் வீட்டின் நேர ஒழுங்கு அதற்குப் பிடிபடும். உண்மையான குணமும் வெளிப்படத் தொடங்கும். மூன்று மாதத்தில் இது தன் வீடு என்ற நம்பிக்கை வரும். இது பொதுவான அளவே. முதிய நாய்க்கு இன்னும் கூடுதல் காலம் ஆகலாம்.

முதல் சில வாரங்களில் பெரிய ஆபத்து, நாய் பழைய வீட்டைத் தேடி ஓடிவிடுவது. கலும்பாங்குக்கும் கெர்லிங்குக்கும் இடையே லாரிகள் ஓடும் சாலை இருக்கிறது. எனவே வாயிற்கதவு எப்போதும் தாழிடப்பட்டிருக்கவேண்டும். வேலிக்குள்ளும் முதலில் வாரோடுதான் நடத்தவேண்டும். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கவேண்டும். தோலுக்கடியில் பொருத்தும் நுண்சில்லு இருந்தால் அதில் புதிய உரிமையாளரின் விவரங்களைப் பதிவு செய்யவேண்டும்.

முதுமைக்கு ஏற்ற சில வசதிகளையும் செய்யலாம். வழுக்கும் ஓட்டுத் தரையில் பழைய பாய் விரித்தால் மணி தடுமாறாது. படி இருக்கும் இடத்தில் சரிவான பலகை வைக்கலாம். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கவேண்டும். முதிய நாயால் வெயிலைத் தாங்க முடியாது. காது கேட்காத பக்கத்திலிருந்து திடீரென்று தொடாமல், அதன் கண்முன் வந்து கையசைத்து அழைக்கவேண்டும். உணவை மாற்ற விரும்பினால், பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றவேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவற்றை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வலியால் முனகுகிறதே என்று மனிதர்கள் உண்ணும் வலி மாத்திரையைக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும். பாராசிட்டமோல், இபுபுரோஃபன் போன்றவை நாயின் உடலுக்கு நஞ்சாகலாம்.

தாத்தா எப்போது போய்ப் பார்க்கலாம்? உடனே போகவேண்டும் என்றுதான் அவர் மனம் துடிக்கும். ஆனால் முதல் சில வாரம் பொறுத்திருப்பது நல்லது. நாய் புதியவர்களோடு பழகத் தொடங்கும் நேரத்தில் பழைய உரிமையாளர் வந்து திரும்பினால், பிரிவு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அதுவரை ஆசிரியர் தம்பதியர் அனுப்பும் படங்களும் காணொளிகளும் தாத்தாவுக்கு ஆறுதல் தரும். காத்திருப்பதும் அன்பின் ஒரு வடிவமே.

வீடு கிடைக்காவிட்டால்

எல்லாத் தேடலும் விரைவில் வெற்றி பெறுவதில்லை. குட்டிக்கு ஒரு வாரத்தில் வீடு கிடைத்தால், முதிய நாய்க்குப் பல மாதங்கள் ஆகலாம். ஆகவே வீடு மாறப்போவது தெரிந்த உடனே தேடலைத் தொடங்கவேண்டும். லாரி வாசலுக்கு வந்தபின் தொடங்கினால் அவசர முடிவுதான் எடுக்க நேரும்.

இடைப்பட்ட காலத்துக்குத் தற்காலிகப் பராமரிப்பாளர் ஒருவரைத் தேடலாம். "எப்போதைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் தயங்குபவர், "மூன்று மாதம் பார்த்துக்கொள்ளுங்கள், உணவுச் செலவு எங்களுடையது" என்றால் சம்மதிக்கக்கூடும். கலும்பாங்கிலேயே அண்டை வீட்டார் ஒருவர் இடம் தந்தால், பிள்ளைகள் முறை வைத்து வார இறுதியில் வந்து கவனிக்கலாம். நோய் முற்றி, மருந்தால் தீராத வேதனையில் இருக்கும் நாயாக இருந்தால், அடுத்து என்ன செய்வது என்பதைக் கால்நடை மருத்துவரோடு கலந்து முடிவெடுக்கவேண்டும். அம்முடிவை அறியாத ஒருவர் கையில் தள்ளிவிடுவது முறையன்று.

மாணவர்களாலும் இதில் உதவ முடியும். அறிவிப்பு எழுதுவது, படம் எடுப்பது, நாயின் அன்றாடப் பழக்கங்களைக் குறித்து வைப்பது, வயது முதிர்ந்தவர்களுக்காக மருத்துவமனையில் தமிழிலும் மலாயிலும் பேசி உதவுவது ஆகியவை பெரும் பணிகள். பேத்தி ஒரு பயிற்சிப் புத்தகத்தில் மணியின் உணவு நேரம், மருந்து, பயப்படும் பொருள்கள், பிடித்த இடம் என்று எல்லாவற்றையும் எழுதி ஆசிரியர் தம்பதியரிடம் கொடுத்தால், பேசத் தெரியாத மணிக்காக அவளே பேசியதாகும்.

கல்லில் எழுதிய பெயர்

அந்தப் புத்தகத்தின் முதல் வரி நாயின் பெயராக இருக்கவேண்டும். குட்டிக்குப் புதுப்பெயர் வைக்கலாம். முதிய நாயின் பெயரை மாற்றக்கூடாது. வீடும் தெருவும் முகங்களும் மாறிய நிலையில், அதற்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

தமிழர் மரபிலும் நாயின் பெயருக்கு மதிப்பு இருந்திருக்கிறது. தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே கிடைத்த நடுகல் ஒன்று பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் பழமையானது. எருமைகளைக் காக்கப் போராடி உயிர்நீத்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. அதில் வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்லில் எழுதப்பட்டுள்ளது. வீரனின் பெயரை எழுதியவர்கள் 'அவனுடைய நாய்' என்று மட்டும் குறிப்பிட்டு விட்டிருக்கலாம். அவர்கள் அதன் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள்.

பால்மரக் காட்டில் முன்னால் ஓடிய நாய்களுக்கும் லயத்து வாசலில் காவல் இருந்த நாய்களுக்கும் யாரும் கல் நாட்டவில்லை. நாட்டவும் வேண்டியதில்லை. வீடு மாறும் நாளில் "இதற்கு என்ன வழி?" என்று ஒருவர் நின்று கேட்டால் போதும். மணிக்கு உணவு நேரம் தெரிந்த ஒரு வீடும், படுக்கப் பழைய போர்வையும், பெயர் சொல்லி அழைக்கும் குரலும் கிடைத்துவிட்டால், ரவாங்கில் பத்தாவது மாடியில் இருக்கும் தாத்தாவும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார்.